ஜனவரித் தாள்

சிவகாசியில் பொன்னுத்தங்கம் கல்வி அறக்கட்டளை இயங்கிய கட்டடத்துக்கு மாடிப்படி வெளிப்புறமாக இருந்தது. மேலே போகிறவர்கள் கீழ்த்தளத்தை எட்டிப் பார்க்காமலே போய்விடலாம். பெரும்பாலும் அப்படித்தான் போனார்கள். மேலே ஏசி, கண்ணாடிக் கதவு, அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் குடியேறிவிட்ட நம்மூர்க்காரர்களிடம் பேசி நன்கொடை திரட்டுகிறவர்கள். கீழே இரண்டு கம்ப்யூட்டர்கள், ஓடும்போதெல்லாம் முனகுகிற ஒரு பிரிண்டர், செல்வலட்சுமி.

தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியே காலம் தள்ளிய தாய் தகப்பனுக்குப் பிறந்து, கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து, மேசையில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு அந்தக் குடும்பத்தில் வந்த முதல் ஆள் அவள். வாரத்தில் பாதி நாள் பட்டாசுத் தொழிலாளர்களின் வீடுகளுக்குப் போய், அறக்கட்டளை படிக்க வைக்கிற பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறார்களா, வீட்டில் என்ன நிலைமை என்று விசாரிப்பாள். மீதி நாளில் விசாரித்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். மேலேயிருந்து போன் வரும்: அந்த லிஸ்ட் என்ன ஆச்சு, இந்தப் பிள்ளையின் போட்டோ எங்கே. போன் பண்ணுகிறவருக்கு அவள் பெயர் தெரிந்திருக்காது. ‘கீழே சொல்லுங்க’ என்பார்கள். அவளும் ‘மேலே கேக்காக’ என்றுதான் சொல்வாள். ஆண்டு விழாவில் நன்கொடையாளர்களோடு போட்டோ எடுக்கையில், கையில் டீத் தட்டோடு நின்ற அவளைக் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னார்கள். ஒதுங்கி நின்றாள். அன்றைக்கு அது அப்படியொன்றும் வலித்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

இரண்டாயிரத்து ஆறில் ஆர்த்தி வந்தாள். அறக்கட்டளைத் தலைவரும் அச்சக முதலாளியுமான மகேஷ்குமாரின் மகள்; அமெரிக்காவில் படித்து, அங்கேயே ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். வந்த முதல் நாளே படியிறங்கிக் கீழே வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் இருந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டாள். மேலே இருப்பவர்களுக்குப் பிள்ளைகளைத் தெரியவில்லை, கீழே இருப்பவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை, இப்படி ஒரு ஆபீஸ் நடக்குமா என்று அப்பாவிடம் சண்டை போட்டாள். அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு தளத்து ஆட்களும் மேலே ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஒரே கடை பஜ்ஜி, ஒரே டீ.

அந்த மேசையில்தான் செல்வலட்சுமியின் ‘குறிப்பு’ வாசிக்கப்பட்டது. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரேயும் கடைசியில் ஒரு கட்டம். ‘வருகை சரி’, ‘அம்மாவுக்கு இருமல்’ என்று அதில் எழுதி வைப்பாள். யாரும் படிப்பார்கள் என்று நினைத்ததில்லை. ஒரு சிறுமி தன் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே வகுப்புக்கு வருவதையும், வாத்தியார் கரும்பலகையில் எழுதும்போது தம்பியும் காற்றில் விரலால் எழுதுவதையும் எப்போதோ எழுதியிருந்தாள். ஆர்த்தி அதைச் சத்தமாக வாசித்தாள். வாசித்து முடித்ததும் சொன்னாள்:

“செல்வா, நாங்க பத்துப் பக்கம் எழுதி வராத பணம் உன்னோட இந்த ரெண்டு வரிக்கு வரும்.”

அவள் சொன்னபடியே வந்தது. செல்வலட்சுமிக்குப் பெயர் கிடைத்தது. வீட்டில் அம்மாவிடம் சொன்னாள்; பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு வீடுகளுக்குப் போனபோது அவளுடைய காது மாறிவிட்டிருந்தது. ரேஷன் கார்டு, மார்க் சீட்டு என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே, இதில் சனிக்கிழமைக்கு ஏதாவது தேறுமா என்று ஒரு ஓரத்தில் தேடிக்கொண்டிருந்தது. அது தப்பென்று அப்போது தோன்றவில்லை. பிள்ளைகளுக்காகத்தானே என்று ஒரு பதில் கைவசம் இருந்தது.

வெம்பக்கோட்டையில் வேலுத்தாய் வீட்டுக்கு அவள் அடிக்கடி போவாள். வேலுத்தாய் பட்டாசு ஆபீஸில் திரி வெட்டுகிறவள். புருஷன் தங்கச்சாமி முன்பு மருந்து செலுத்துகிற வேலை பார்த்தான். மருந்து என்றால் வெடிமருந்து. ஒரு சீசனில் தீப்பிடித்து வலதுகை வெந்து, மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவன். இப்போது லோடு ஏற்றுகிற இடத்தில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறான். ஒரே மகள் பாண்டிச்செல்வி, ஏழாம் வகுப்பு, படிப்பில் கெட்டி.

அன்றைக்குத் தங்கச்சாமி வீட்டில் இல்லை. வேலுத்தாய் அகத்திக்கீரை உருவிக்கொண்டே ஏதேதோ பேசினவள், பேச்சு அந்தத் தீவிபத்துப் பக்கம் திரும்பியதும் குரலை இறக்கினாள்.

“ஒரு சங்கதி சொல்றேன் தாயி. இத எழுதிப் போட்றாத. அவுகளுக்கே தெரியாது.”

செல்வலட்சுமி பேனாவை மூடிக் கீழே வைத்தாள். வேலுத்தாய் அதைப் பார்த்த பிறகுதான் பேசினாள்.

புருஷன் மதுரையில் கிடக்கிறான். பஸ்ஸுக்குக்கூடக் காசில்லை. யாரிடமும் போய் நிற்க மனம் வரவில்லை. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் கூட்டம் கூடும். நேர்த்திக்கடன் வைத்தவர்கள் மஞ்சள் சேலை கட்டி, முந்தானையை ஏந்தி மடிப்பிச்சை எடுப்பார்கள். சேர்ந்ததை அம்மன் உண்டியலில் போட்டுவிடுவார்கள். அரிசி மில் வைத்திருக்கிறவர் வீட்டுப் பெண்ணும் அன்றைக்கு மடியேந்துவாள்; யாரும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. வேலுத்தாயும் ஒரு மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கூட்டத்தில் மடியேந்தினாள். அவளுக்கு நேர்த்திக்கடன் எதுவும் இல்லை. சேர்ந்ததில் ஒன்றும் உண்டியலில் விழவில்லை. அதுதான் பஸ் காசு, கஞ்சி, புருஷனுக்கு ரொட்டி.

“அம்மன் பேரச் சொல்லிப் பிச்சை எடுத்துத் தின்னுட்டேன் தாயி. அதுக்குப் பெறகு அந்தக் கோயில் வாசல் மிதிக்கல.”

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒருத்தியிடமாவது சொல்லியாச்சே என்று சிரித்தாள். கீரையில் ஒரு கட்டு கொடுத்து அனுப்பினாள்.

செல்வலட்சுமி அந்த வீட்டில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. ஆபீஸுக்கு வந்து, நினைவிலிருந்து அத்தனையையும் கட்டத்தில் தட்டி ஏற்றினாள். நன்றாக வந்திருந்தது. சனிக்கிழமை ஆர்த்தி அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். அந்த வருடம் நன்கொடையாளர்களுக்குக் காலண்டர் போடுவதாக இருந்தது. மாதத்துக்கு ஒரு பிள்ளை, ஒரு போட்டோ, கீழே ஒரு பத்தி, ஆங்கிலத்திலும் தமிழிலும். ஜனவரிக்குப் பாண்டிச்செல்விதான் என்று முடிவானது.

புரூஃப் பார்க்கச் செல்வலட்சுமியிடமே வந்தது. பெயர் சரியா, வகுப்பு சரியா என்று பார்த்தாள். ‘தந்தை தீக்காயத்தில் கிடக்க, அம்மனுக்கு நேர்த்திக்கடன் என்று பொய் சொல்லித் தாயோடு பிச்சை எடுத்த சிறுமி, இன்று வகுப்பில் முதல் மாணவி.’ பக்கத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய பாண்டிச்செல்வி சிரித்துக்கொண்டிருந்தாள். ‘பொய்’ என்ற சொல்லில் செல்வலட்சுமியின் பேனா நின்றது. ஆனாலும் அது அவளுடைய வரி. ஒரு சொல் மாறாமல் மேலே போய், அச்சுக்கும் போகிறது. கடல் தாண்டிப் போகிற காலண்டர்தானே, வெம்பக்கோட்டையில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, ஓரத்தில் ‘சரி’ என்று எழுதிக் கொடுத்தாள்.

மகேஷ்குமாரின் அச்சகத்தில் எந்தக் காலண்டர் ஓட்டினாலும் ஆர்டருக்கு மேலே கொஞ்சம் கூட ஓட்டுவார்கள். மிச்சத்துக்கும் தகரப்பட்டை அடித்து, வருடப் பிறப்புக்கு டீக்கடை, சலூன், பட்டாசு ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று இலவசமாகக் கொடுத்துவிடுவார்கள். சிவகாசியில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். செல்வலட்சுமியின் வீட்டுச் சுவரில் அவள் பிறந்ததிலிருந்து அப்படி வந்த காலண்டர்தான் தொங்கியது.

பொங்கல் கழித்து அவள் வெம்பக்கோட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். பட்டாசு ஆபீஸ் வேன்கள் வந்து ஆட்களை ஏற்றுகிற இடத்தில் காளிராஜின் டீக்கடை. பாய்லருக்கு மேலே பாண்டிச்செல்வி சிரித்துக்கொண்டிருந்தாள்.

காளிராஜ்தான் மற்றதைச் சொன்னான். வேனுக்கு நிற்கிற பெண்களில் படிக்கத் தெரிந்தவள் ஒருத்தி எல்லாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினாள். தங்கச்சாமி அந்தக் கூட்டத்தில்தான் டீக்கிளாஸோடு நின்றான். கிளாஸை வைத்துவிட்டு வேனில் ஏறாமல் நடந்தே போய்விட்டான். வீட்டில் பெண்டாட்டியோடு பேச்சு இல்லை. அவள் சமைத்ததைத் தொடுவதும் இல்லை. பள்ளிக்கூடம் திறந்தால் பிள்ளைகள் பாவாடையை ஏந்திக்கொண்டு ‘அம்மா தாயே’ என்று பாண்டிச்செல்வியின் பின்னாலேயே போகிறார்கள். இரண்டு நாள் பார்த்தாள். புத்தகப் பையைச் சுருட்டி வைத்துவிட்டாள்.

“அடுத்த சீசனுக்கு அவளும் வேன்ல ஏறிருவா போல” என்றான் காளிராஜ். “படிக்க வைக்கத்தான வந்தீக?”

செல்வலட்சுமி அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. எதிரே வந்த சிவகாசி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் இருந்தும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

மேலே போய்ச் சொன்னதும் ஆர்த்தியின் முகம் வெளுத்தது. காலண்டர் அத்தனையும் பார்சலில் அமெரிக்கா போய்விட்டதே, ஊருக்குள் எப்படி வந்தது என்று கேட்டாள். அச்சகத்து வழக்கத்தைச் செல்வலட்சுமி சொன்னாள்.

“உனக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

ஆர்த்தி சின்ன வயதிலேயே கொடைக்கானல் ஹாஸ்டலுக்கும் பிறகு வெளிநாட்டுக்கும் போனவள். சொந்த அச்சகத்தின் மிச்சக் காலண்டர் எந்தச் சுவருக்குப் போகிறதென்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளாகவும் கேட்டதில்லை. இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கும் பஜ்ஜி வந்தது.

ஆர்த்தியின் காரிலேயே இரண்டு பேரும் கடை கடையாகப் போய்க் காலண்டரைத் திருப்பிக் கேட்டார்கள். ஓசியில் கொடுத்ததைக்கூடத் திருப்பிக் கேட்கிற முதலாளியை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஒரு சலூன்காரர் சிரித்தார். ஜனவரித் தாளை மட்டும் கிழித்துக்கொள்கிறோம் என்றதும் பலரும் ஒத்துக்கொண்டார்கள். சிலர், அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கிழிப்பதற்கு முன்னால் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்த்தார்கள். அந்த நேரமெல்லாம் செல்வலட்சுமி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு வெம்பக்கோட்டை. பாண்டிச்செல்வியை எப்படியாவது மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஆர்த்தி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். செல்வலட்சுமிக்கும் அதுதான் வேண்டும். ஆனால் அவள் நெஞ்சில் அடைத்துக்கொண்டு நின்றது வேறொன்று: வேலுத்தாய் முகத்தில் எப்படி முழிப்பது?

வேலுத்தாய் இரண்டு பேருக்கும் பாய் விரித்தாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பாண்டிச்செல்வி உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆர்த்தி கையைக் கூப்பி, தப்பு எங்களுடையது, அறக்கட்டளை செய்த தப்பு என்று ஆரம்பித்தாள். வேலுத்தாய் முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, செல்வலட்சுமி பக்கம் கையைக் காட்டினாள்.

“இந்தப் புள்ள சொல்லியிருக்காதும்மா. அது பேனாவக் கீழ வச்சுட்டுத்தான் என் பேச்சயே கேட்டுச்சு. ஆசுபத்திரியில எங்கூடக் கெடந்த எவளோ ஒருத்தி கோயில்ல பாத்துட்டு வந்து சொல்லியிருக்கா. அது பாவம், மூஞ்சியே செத்துப்போயிருக்கு பாருங்க.”

பேனா விஷயம் ஆர்த்திக்கு அப்போதுதான் தெரிந்தது. செல்வலட்சுமியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. பிறகு வேலுத்தாயிடம், ஆபீஸில் பல பேர் கைக்குப் போகிற விஷயம், யார் என்று இப்போது சொல்ல முடியாது என்று ஏதோ மழுப்பினாள். காப்பாற்றத்தான் பார்த்தாள். செல்வலட்சுமி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். அவளும் கொஞ்ச நேரம் திறக்காமல்தான் இருந்தாள். வேலுத்தாய் எழுந்து போய் ஒரு தட்டில் முறுக்கு எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தாள்.

“யக்கா, நான்தான் எழுதுனேன்.”

வேலுத்தாய் குனிந்தபடியே நின்றாள்.

“பேனாவக் கீழ வச்சியே தாயி.”

“ஆபீசுல போய் எழுதுனேன். நல்லா எழுதுறேன்னு சொன்னாக. அதுக்காக எழுதுனேன்.”

வேலுத்தாய் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று செல்வலட்சுமிக்கு இருந்தது. முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து, சுவரோரம் உட்கார்ந்தாள்.

“அவுக வேன் வர்ற நேரம். இருந்து சொல்லிட்டுப் போ. நான் வாயத் தொறந்தா எந்திரிச்சுப் போயிர்றாக. நீ அழகா எழுதுறவளாச்சே, அழகாச் சொல்லு. நான் உங்கிட்ட என்ன சொன்னேனோ அம்புட்டையும் சொல்லு.”

தங்கச்சாமி வந்தான். வாசலில் நின்ற காரைப் பார்த்துவிட்டு, கால் கழுவாமலே உள்ளே வந்து நின்றான். செல்வலட்சுமி எழுந்து நின்று சொன்னாள். காலண்டரில் வராததையெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. மடியேந்துவதற்கு முன் வேலுத்தாய் கோயிலை மூன்று தடவை சுற்றியும் கை எழவில்லை என்பது. முதல் காசு போட்ட கிழவி, கேட்டதை அம்மன் கொடுப்பாள் என்று நெற்றியில் திருநீறு பூசியபோது உடம்பு சில்லிட்டுப் போனது. திரும்பி வருகிற பஸ்ஸில் மஞ்சள் சேலை தெரியாமல் துண்டைப் போர்த்திக்கொண்டது. இதையெல்லாம் அவள் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள்; பத்திக்கு நீளம் போதாதென்று மேலே வெட்டிவிட்டார்கள். அவள் அன்றைக்கு எழுதிய அழகு எதுவும் இப்போது வாயில் வரவில்லை. திக்கித் திக்கித்தான் சொன்னாள்.

தங்கச்சாமி சுருங்கிப்போன வலதுகையை இடதுகையால் பிடித்துக்கொண்டு கேட்டான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான்.

“அந்த ரொட்டியும் அதுலதானா?”

“ஆமா. பால்ல நனைச்சுத் தின்னீகளே, அதுதான்.”

“நீ தின்னியா?”

வேலுத்தாய் தரையில் கிடந்த எதையோ பொறுக்கினாள். உள்ளேயிருந்து பாண்டிச்செல்வியின் குரல் வந்தது: “நான் தின்னேன். அம்மா தின்னல.”

தங்கச்சாமி கதவு நிலையில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆர்த்தி மெதுவாக, இனி போட்டோ இல்லை, பெயர் இல்லை, பாண்டிச்செல்வியின் படிப்புச் செலவு மட்டும் எப்போதும்போல வந்துகொண்டிருக்கும் என்றாள்.

“வேண்டாம்மா” என்றான். “புள்ள பள்ளிக்கூடம் போவா. நாங்க பாத்துக்கிறோம். இவ ஒருநாள் மடியேந்துனதுக்கு நான் சோறு திங்காமக் கெடந்தேன். உங்ககிட்ட வருசமெல்லாம் ஏந்திக்கிட்டுத்தான் இருந்திருக்கோம்னு இப்பத்தான் தெரியுது. பேர எடுத்துருங்க.”

அவர்கள் இரண்டு பேரும் வாசலில் செருப்பு மாட்டும்போது பாண்டிச்செல்வி எழுந்து வந்து கதவோரம் நின்றாள். போட்டோவை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டீர்களா என்று கேட்டாள். எடுத்துவிட்டோம் என்றாள் ஆர்த்தி.

“எங்க பள்ளிக்கூடத்து ஆபீஸ் ரூம்ல ஒண்ணு தொங்குது.”

போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் இறங்கி அதையும் கிழித்துக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை பாண்டிச்செல்வி வகுப்புக்கு வந்ததாகத் தலைமையாசிரியர் போனில் சொன்னார். வேலுத்தாயைப் பற்றி அவரிடம் கேட்க முடியாது. கேட்கிற உரிமையும் செல்வலட்சுமிக்கு இல்லாமல் போயிருந்தது.

அவள் வேலையை விடவில்லை. விடுவதாகச் சொன்னபோது, நீ போய்விட்டால் இந்தத் தப்பு இங்கே எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாகிவிடும், நானே மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றாள் ஆர்த்தி. அதன் பிறகு மேலே போகிற எந்தக் குறிப்பையும் முதலில் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து, அந்தத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள் செல்வலட்சுமி. சில வாரங்கள் ஆர்த்தியும் கூட வந்து பாயில் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று அவர்கள் சொன்ன வரியை அங்கேயே அடித்தார்கள். பெரும்பாலும் நல்ல வரிகளைத்தான் வேண்டாம் என்றார்கள். அந்த வருடம் நன்கொடை குறைந்தது. மகேஷ்குமார் தன் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிப்ரவரியில் நியூஜெர்சியிலிருந்து ஒரு மெயில் வந்தது. பாண்டிச்செல்வியைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர் எழுதியிருந்தார். ஜனவரித் தாளைக் கிழிக்க மனமில்லாமல் ஃபிரேம் போட்டு வைத்திருக்கிறாராம். அவளுக்கு ஒரு கைக்கடிகாரம் அனுப்ப வேண்டும், விலாசம் வேண்டும். ஆர்த்தி அதை அச்செடுத்துக்கொண்டு கீழே வந்தாள். பதில் என்ன எழுதுவது என்று கேட்டாள்.

செல்வலட்சுமி ஒரு நாள் முழுக்க எழுதி எழுதி அழித்தாள். மிஞ்சியது இவ்வளவுதான்: அந்தக் குடும்பம் இனி நம் உதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சிறுமி நன்றாகப் படிக்கிறாள். தவறு எங்களுடையது. என்ன தவறு என்று உங்களுக்குச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. அந்தத் தாளைத் தயவுசெய்து சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆர்த்தி அதை ஆங்கிலத்தில் மாற்றினாள். ஒன்றையும் மெருகேற்றவில்லை. அடியில் தன் பெயரைத் தட்டினாள். உன் பெயரையும் போடட்டுமா என்று கேட்டாள். போடுங்கள் என்றாள் செல்வலட்சுமி. மேலேயிருந்து போன ஒரு கடிதத்தில் அவள் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. அந்த மனிதரிடமிருந்து பிறகு பதில் எதுவும் வரவில்லை.